வேலியின் இரு முகங்கள்

மனிதருக்கே நீதி கிட்டாத உலகில் மானுக்காக வழக்குரைப்பது அவசியந்தானா என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். கூலி உயர்வுக்கும் காணியுரிமைக்கும் போராடவேண்டிய நேரத்தில் விலங்குகள்பாற் கருணை பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் கருத்து. இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் ஆகாது. வளர்ப்பு நாய்க்கு மெத்தை விரித்துவிட்டு வேலைக்காரப் பிள்ளையை வெறுந்தரையில் உறங்கவைக்கும் வீடுகளை நாம் அறிவோம். ஆயினும் மானுக்கு இழைக்கப்படும் கொடுமையும் மனிதனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் ஒரே வேலியின் இரு பக்கங்களில் நிகழ்ந்தவை என்பதை வரலாறு காட்டுமாயின், நம் நண்பர்கள் தம் தீர்ப்பை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியவராவர். அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இன்றைய நிலையைக் கூறுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரெக்சாஸ் மாநிலத்திலும் வேறு சில மாநிலங்களிலும் ஒரு தொழில் நடைபெற்று வருகிறது. வெண்வால் மான் எனப்படும் இனத்தைப் பட்டிகளில் அடைத்து, வம்சாவளி பார்த்துச் சேர்த்து, செயற்கை முறையிற் சினைப்படுத்தி, புரதம் மிக்க தீனியூட்டிப் பெருங்கொம்புடைய ஆண்மான்களை உருவாக்குகின்றனர். ஒவ்வொன்றின் காதிலும் அடையாளத் தகடு தொங்கும். பின்னர் எட்டடி உயரக் கம்பிவேலி சூழ்ந்த நிலத்தில் அவை விடப்படுகின்றன. பணஞ் செலுத்தியவர் வருகிறார்; சுடுகிறார்; தலையைப் பாடஞ்செய்து தம் வீட்டுச் சுவரில் மாட்டக் கொண்டுசெல்கிறார். கொம்பின் கிளைகளையும் சுற்றளவையும் விரிவையும் அங்குலக் கணக்கில் அளந்து கூட்டினால் வரும் தொகையே விலையைத் தீர்மானிக்கிறது. இறைச்சியின் நிறை இங்கு பொருட்டன்று.

இதனை வேட்டை என்று அழைக்கலாமா? இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நூலாசிரியரான செனொபன் இதனை எழுப்பியுள்ளார். பாரசீகப் பேரரசர் சைரசின் இளமைப் பருவத்தைக் கதைபோல எழுதிய அவர், பாட்டனின் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டத்தில் இருந்த விலங்குகளையெல்லாம் சிறுவன் சைரஸ் விரைவிலேயே கொன்று தீர்த்துவிட்டதாகக் கூறுகிறார். பின்னர் திறந்த வெளியில் முதன்முறையாக வேட்டையாடிய அச்சிறுவன், தோட்டத்தில் ஆடியது கட்டிப்போட்ட விலங்கைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்று கருதியதாகவும் எழுதுகிறார். அத்தகைய மதில் சூழ்ந்த இடத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லே கிரேக்கத்தின் வழியாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, ‘சொர்க்கம்’ எனப் பொருள்படும் ‘பரடைஸ்’ ஆயிற்று. சுற்றிலும் சுவர் எழுப்பப்பட்டது என்பதே அச்சொல்லின் முதற்பொருள். மன்னனின் வேட்டைத் தோட்டம் மாந்தரின் மறுமையுலகுக்குப் பெயர் கொடுத்தது. உள்ளே நுழையும் உரிமை உடையோர் சிலர். மதிலுக்கு வெளியே நிற்போர் பலர். சொல்லின் வரலாற்றிலேயே சமுதாயத்தின் வரலாறும் பொதிந்து கிடக்கிறது.

இங்கிலாந்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1066இல் அந்நாட்டைக் கைப்பற்றிய நோர்மன் மன்னன் வில்லியம் காட்டுச் சட்டம் என்ற புதியதொரு சட்டமுறையைப் புகுத்தினான். ‘காடு’ எனப்பட்டது மரங்கள் அடர்ந்த நிலத்தை மாத்திரம் குறிக்கவில்லை. மன்னனின் மானுக்கென ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் ஊர்களும் வயல்களும் புற்றரைகளும் அடங்கின. தன் வயலை மேயும் மானைக் குடியானவன் கொல்லலாகாது. மானுக்கு இரையும் மறைவும் தரும் பசுந்தழையை வெட்டலாகாது. மானைக் கொன்றவனின் கண்களைப் பறிக்குமாறு வில்லியம் விதித்தான் என்று அக்கால வரலாற்றேடு பதிந்துள்ளது. 1198இல் முதலாம் ரிச்சார்ட் மன்னனும் உறுப்பறுக்குந் தண்டனையை வலியுறுத்தினான். 1217இல் வெளியிடப்பட்ட காட்டுச் சாசனமே, மானுக்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்று விதித்தது. குற்றவாளி தண்டம் இறுக்க வேண்டும். இயலாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிலிருக்க வேண்டும். மகா சாசனத்தைப் பாடநூல்கள் போற்றுகின்றன. அதன் இணைச் சாசனமாகிய இது, விறகும் மேய்ச்சலும் தேடிய எளியவருக்கு அதனினும் நெருங்கிய பயனைத் தந்தது என்பது பலரும் அறியாதது.

அரசனைப் பின்பற்றிப் பிரபுக்களும் ஆயர்களும் தத்தமக்கு மான் பூங்காக்களை அமைத்துக்கொண்டனர். நோர்மானியர் கொண்டுவந்து பரப்பிய ‘ஃபலோ’ என்னும் புள்ளிமானினம் அடைப்புக்குள் வளர்வதற்கு ஏற்றதாயிருந்தது. 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் இத்தகைய பூங்காக்கள் ஏறத்தாழ 3,000 இருந்தன என்று வரலாற்றறிஞர் ஒலிவர் ரக்கம் மதிப்பிட்டுள்ளார். அவற்றின் வேலி அமைப்பு நுணுகி நோக்கற்பாலது. புறத்தே மண்ணணை, அதன்மீது பிளந்த கருவாலி மரக்கட்டைகளால் ஆன வேலி, உட்புறத்தே அகழி. அகழியில் நிற்கும் மானுக்கு வேலி இருமடங்கு உயரமாய்த் தோன்றும். சில பூங்காக்களில் ‘மான்பாய்ச்சல்’ எனப்பட்ட வாயில்களும் இருந்தன. வெளியிலிருந்து வரும் காட்டுமான் அவ்விடத்தில் எளிதாக உள்ளே பாயலாம். பாய்ந்தபின் வெளியேற இயலாது. காட்டில் எவருக்கும் உரித்தாகாத உயிர், ஒரு பாய்ச்சலில் ஒருவரின் உடைமையாயிற்று. பொதுச்சொத்து தனிச்சொத்தாக மாறும் விந்தையை இதனினும் தெளிவாக விளக்க எந்தப் பொருளாதார நூலாலும் இயலாது.

வெளியே நின்றவர்கள் வாளாவிருந்தார்களா? 1381இல் இங்கிலாந்தின் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவன் வாட் டைலர் மன்னன் முன் வைத்த கோரிக்கைகளில், நீர்நிலைகளும் பூங்காக்களும் காடுகளும் செல்வர் வறியர் அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும் என்பதும் ஒன்று என அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்துள்ளார். கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1390இல், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆண்டுக்கு 40 சிலிங் வருவாய் தரும் நிலம் இல்லாத எவனும் வேட்டை நாயும் வலையும் வைத்திருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். கூலியாட்கள் திருநாட்களில் தேவாலயம் செல்லாது பூங்காக்களில் வேட்டையாடுவதாகவும், வேட்டையைச் சாக்காகக் கொண்டு கூடிச் சதி செய்வதாகவும் அச்சட்டம் காரணங் காட்டியது. இழந்த மானைவிட, எளியவர் ஒன்றுகூடுவதையே ஆள்வோர் அஞ்சினர் என்பது இதனாற் புலனாகும்.

வேலிக்கு உள்ளே என்ன நடந்தது? 1591 ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் எலிசபெத் அரசி சசெக்ஸ் பகுதியிலுள்ள கௌட்றே மாளிகைக்கு எழுந்தருளினார். காலை எட்டு மணிக்குப் பூங்காவில் அவருக்கென ஒரு பந்தல் அமைக்கப்பட்டிருந்தது. இசைவாணர் இசைத்தனர். தேவகன்னி வேடம் புனைந்த ஒருத்தி பாடிக்கொண்டே குறுக்குவில்லை அரசியின் கையிற் கொடுத்தாள். சிறு அடைப்பொன்றில் ஏறத்தாழ முப்பது மான்கள் விடப்பட்டிருந்தன. அரசி மூன்று அல்லது நான்கைக் கொன்றார். உடனிருந்த சீமாட்டி ஒன்றைக் கொன்றார். ரெக்சாஸ் வேலியின் மூதாதை இதுவே எனலாம். இங்கு தேடலில்லை, தடமறிதலில்லை, தோல்விக்கு இடமில்லை. அதிகாரம் தன்னைத்தானே காட்சியாக நிகழ்த்திக்கொள்வதற்கு வேண்டிய மேடைப்பொருளாக மான் பயன்பட்டது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலும் இதே வழக்குத்தான். 1525இல் ஜேர்மானியக் குடியானவர் வெளியிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளுள் நான்காவது, காட்டுவிலங்கையும் பறவையையும் மீனையும் பிடிக்கும் உரிமை பற்றியது. பிரபுக்களின் விலங்குகள் தம் விளைச்சலைத் தின்றழிக்கையில் வாய்மூடிப் பொறுத்திருக்க வேண்டியிருப்பதாக அவர்கள் முறையிட்டனர். ஏங்கெல்ஸ் அப்போரைப் பற்றித் தனிநூலே எழுதியுள்ளார். பிரான்சில் நிலைமை இன்னும் விந்தையானது. பாரிஸ் நகரைச் சூழ்ந்த அரச வேட்டைப் பகுதிகளில் உழவன் தன் வயலைச் சுற்றி அனுமதியின்றி வேலியிட இயலாது. மன்னனின் விலங்குகள் தடையின்றி மேய வேண்டும்! ஒரு நாட்டில் வேலி எளியவனை வெளியே தள்ளியது. மற்றொரு நாட்டில் எளியவனுக்கு வேலியே மறுக்கப்பட்டது. வேலியிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே இரண்டிடத்தும் வினா.

அவ்வினாவுக்கு 1789 விடையளித்தது. பஸ்தில் சிறை வீழ்ந்த யூலை 14ஆம் நாளில் பதினாறாம் லூயி தன் நாட்குறிப்பில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினான் என்பர். அக்குறிப்பேடு பெரும்பாலும் அவனது வேட்டைக் கணக்கேடு. அன்று விலங்கேதும் விழவில்லை என்பதே பொருள். மூன்று வாரங்களின் பின், ஓகஸ்ட் 4ஆம் நாள் இரவு, தேசியப் பேரவை பிரபுக்களின் தனி வேட்டையுரிமையை ஒழித்தது. அரச வேட்டைப் பகுதிகள் நீக்கப்பட்டன. வேட்டைக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டுக் கப்பற்சிறைகளில் வாடியோரையும் நாடுகடத்தப்பட்டோரையும் மீட்க மன்னனை வேண்டவும் அத்தீர்மானம் வழிசெய்தது. நிலப்பிரபுத்துவம் முறிந்த அவ்விரவில் மான்வேலியும் முறிந்தது தற்செயலன்று.

இங்கிலாந்திலோ முதலாளித்துவம் வளர வளர வேலியும் வளர்ந்தது. ஹாம்ஷயரிலும் வின்சர் காட்டிலும் முகத்திற் கரிபூசிக்கொண்டு இரவில் மான் வேட்டையாடியோரை ஒடுக்க 1723இல் கறுப்புச் சட்டம் எனப்படும் கொடுஞ்சட்டம் இயற்றப்பட்டது. முகத்தைக் கறுப்பாக்கி ஆயுதத்துடன் காட்டிற் காணப்படுவதே தூக்குத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஒரே சட்டத்தில் ஐம்பதுக்குக் குறையாத குற்றங்கள் மரணதண்டனைக்கு உரியனவாயின. மூன்று ஆண்டுகளுக்கென்று கூறி வந்த அச்சட்டம் நூறாண்டு நிலைத்து, 1823இலேதான் பெரும்பாலும் நீக்கப்பட்டது. மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், மானைக் காத்தல் என்ற திரைக்குப் பின்னால் புதிய சொத்துடைமை வர்க்கம் பழைய பொது உரிமைகளை எவ்வாறு நசுக்கிற்று என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார். கௌதாரி சுடுவதற்கு ஆண்டுக்கு 100 பவுண் வருவாயுள்ள நிலம் வேண்டும் என்று 1671ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க வேண்டியதோ 2 பவுண் நிலம். ஆள்வோரைத் தெரிவதினும் கௌதாரியைச் சுடுவதற்கு ஐம்பது மடங்கு தகுதி தேவைப்பட்டது!

காட்டுக் குற்றங்களே கார்ல் மார்க்சையும் பொருளியல் ஆய்வின்பால் திருப்பின என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1842இல், விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தைப் பற்றி இளம் பத்திரிகையாளராகிய அவர் எழுதிய கட்டுரைகளே அதற்குத் தொடக்கம். பின்னர் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டைப் பற்றி எழுதும்போது, முதலில் மக்களை விரட்டி ஆடுகளும், பின்னர் ஆடுகளை விரட்டி மான்களும் குடியேற்றப்பட்டதை அவர் விவரிக்கிறார். ‘மான்காடு’ எனப்பட்ட அந்நிலத்தில் மரமே இல்லை என்பதையும் எள்ளலோடு சுட்டுகிறார். செல்வர்களுக்கு வாடகைக்கு விடும் வேட்டை நிலம் மேய்ச்சல் நிலத்தைக் காட்டிலும் இலாபம் தந்தது, காரணம் அவ்வளவே.

மலைநாட்டு மக்கள் இதனை ஊழ்வினையென்று ஏற்றுக்கொள்ளவில்லை. லூயிஸ் தீவில், முன்னோர் குடியிருந்த பார்க் என்னும் நிலப்பகுதி மான்காடாக்கப்பட்டபோது, காணியின்றி வறுமையுற்ற குடியானவர் நூற்றுக்கணக்கானோர் 1887 நவம்பரில் கொடியேந்தி, குழலிசை முழங்க உள்ளே புகுந்து மான்களைச் சுட்டு, பொதுவிற் சமைத்து உண்டனர். அவர்களை ஒழுங்குசெய்தோருள் ஒருவர் பலலன் என்னும் ஊரின் பாடசாலை ஆசிரியர் டொனால்ட் மக்ரே. படையினர் அனுப்பப்பட்டனர், தலைவர்கள் எடின்பரோ நகரில் வழக்கு மன்றில் நிறுத்தப்பட்டனர். 1888 சனவரியில் அவர்கள் விடுதலை பெற்றனர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கரமே அவர்களின் பெற்றோரை வேலி கடக்கவும் வழிநடத்தியது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் இப்பெயரை மறத்தல் ஆகாது.

இதுகாறும் வேலியின் புறமுகத்தைப் பெரிதும் பேசினோம். அகமுகத்தை, அதாவது அடைபட்ட உயிரின் நிலையை, அரசியற் கேள்வியாக்கியவரும் ஓர் ஆசிரியரே. அவர் ஹென்றி சால்ற். 1851இல் இந்தியாவின் நைனித்தாலிற் பிறந்து, பிரபுக்களின் பிள்ளைகள் பயிலும் ஈற்றன் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, அவ்வாழ்வை வெறுத்து 1884இல் விலகியவர்; சோஷலிஸ்ட். சைவ உணவு பற்றிய அவரது நூலை இலண்டனில் மாணவராயிருந்த காந்தி படித்து உள்ளம் மாறியதைத் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார்.

ஈற்றனுக்கு அண்மையில், வின்சர் அரண்மனையைச் சார்ந்து, அரச மான்வேட்டை நாய்ப்படை இயங்கிவந்தது. அதன் முறை இது: பட்டியில் வளர்க்கப்பட்ட மானைக் கொம்பறுத்து வண்டியில் ஏற்றி வெளியொன்றுக்குக் கொண்டுசென்று திறந்துவிடுவர். நாய்களும் குதிரைகளும் துரத்தும். களைத்து வீழ்ந்ததும் பிடித்து மீண்டும் வண்டியில் ஏற்றிப் பட்டிக்குக் கொண்டுசென்று, இன்னொரு நாள் துரத்துவதற்காக வைத்திருப்பர். கொல்வதில்லையே, இதிற் கொடுமை யாது என்று ஆதரவாளர் கேட்டனர். வேலிக்கம்பியிற் கிழிபட்டும் நீரில் மூழ்கியும் மான்கள் மாண்ட செய்திகளைத் திரட்டிச் சால்றும் அவர் 1891இல் தோற்றுவித்த மனிதாபிமான சங்கமும் விடையளித்தனர். பட்டிமான், கூட்டிலிருந்து விடப்படும் புறா, பையிலிருந்து விடப்படும் முயல் ஆகியவற்றைத் துரத்துவதையும் சுடுவதையும் ‘போலி விளையாட்டுகள்’ என்று பெயரிட்டுத் தடைசெய்யப் பாராளுமன்றத்தில் மசோதாவும் கொண்டுவரச் செய்தனர். மசோதா நிறைவேறவில்லை. எனினும் 1901இல் அரச நாய்ப்படை ஒழிக்கப்பட்டது. அயர்லாந்தில் எஞ்சியிருந்த இவ்வழக்கம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுற்றது.

சால்றின் சங்கம் மான்களுக்காக மாத்திரம் பேசவில்லை. சிறைச்சாலைச் சீர்திருத்தம், கசையடி ஒழிப்பு ஆகியனவும் அதன் நோக்கங்கள். எதிர்க்க வலிமையற்ற உயிரைத் துன்புறுத்தும் உரிமையை எவருக்கும் வழங்கலாகாது என்ற ஒரே கொள்கையின் கிளைகளாகவே அவர் இவற்றைக் கண்டார். நம் நண்பர்களின் வினாவுக்கு அவர் வாழ்க்கையே ஒரு விடை: மானுக்கு இரங்கியமையால் அவர் மனிதனை மறக்கவில்லை.

இனி அமெரிக்காவுக்கு மீள்வோம். ஐரோப்பியப் பிரபுத்துவத்துக்கு மாறாக, காட்டுவிலங்கு மக்கள் அனைவரின் பொதுச்சொத்து என்ற கோட்பாடு அந்நாட்டிற் சட்டமாக வேரூன்றியது. 1896இல் உயர்நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எனினும் சந்தைக்காக நிகழ்ந்த கட்டற்ற வேட்டையால் 1900ஆம் ஆண்டளவில் வெண்வால் மான்கள் நாடெங்கும் சில இலட்சங்களாக அருகிவிட்டன. அவ்வாண்டு இயற்றப்பட்ட லேசி சட்டமும், 1937இல் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய சட்டமும் நிலைமையை மாற்றின. இன்று அவ்வினம் ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடப்படுகிறது. பொதுவுடைமையும் பொதுச்சட்டமும் ஓருயிரை மீட்டெடுத்த இவ்வரலாறு பாராட்டுக்குரியது.

இந்தப் பொதுச்சொத்தின்மேலேயே புதிய வேலி எழுந்தது. இதனை அந்நாட்டு வேட்டைக்காரர் பலரே ஏற்கவில்லை. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானோர் நிறுவிய பூன் அன் க்ரொக்கெற் கழகம் கொம்பளவுப் பதிவேடுகளைப் பேணுகிறது. தப்பிச்செல்ல இயலாத வேலிக்குள் சுடப்பட்ட மானை அது பதிவதில்லை. காட்டில் வாழ்ந்த வெண்வால் மானொன்றின் ஒழுங்கற்ற கொம்புக்குரிய அப்பதிவேட்டின் உச்ச அளவு 333⅞ அங்குலம். 1981இல் மிசூரி மாநிலத்திற் கண்டெடுக்கப்பட்ட அம்மான் எவராலும் சுடப்படவில்லை, இறந்து கிடந்தது. பட்டியில் வளர்ந்த மான்களோ 500 அங்குலத்தையும் கடந்துவிட்டன. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. இணைதேடும் பருவத்திற் போட்டியிடற்கு இயற்கை அளித்தது. இங்கோ அது விலைச்சீட்டாக மாறிவிட்டது. பண்டத்தின் மாற்றுப்பெறுமதி அதன் பயன்பெறுமதியை விழுங்கும் என்று மார்க்ஸ் கூறியது உயிருள்ள உடலின் மீதே நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

இவ்வேலிக்குள் பிறந்த கேடு வேலிக்குள் அடங்கவும் இல்லை. 1967இல் கொலராடோ மாநிலத்தின் ஆராய்ச்சிப் பட்டியொன்றில் அடைபட்டிருந்த மான்களிடையே உடல்மெலிந்து இறக்கும் நோயொன்று முதன்முதலிற் காணப்பட்டது. மூளையைத் துளைத்துப் பஞ்சுபோலாக்கும் இந்நோய்க்குக் காரணம் பிரியன் எனப்படும் உருத்திரிந்த புரதம் எனப் பின்னர் அறியப்பட்டது. மருந்தில்லை, பீடித்த மான் பிழைப்பதில்லை. நோய்க்காரணி மண்ணிற் பல்லாண்டு நிலைத்திருக்கும். 1996இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பண்ணையிலும், 2001இல் கனடாவிலிருந்து மான்களை இறக்குமதி செய்த தென் கொரியாவிலும், 2015இல் ரெக்சாஸ் வளர்ப்புப் பட்டியிலும் அது கண்டறியப்பட்டது. இன்று அமெரிக்காவின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. காட்டுமான்களிடையே அது தானாகவும் பரவுகிறது. ஆயினும் வளர்ப்பு மான்களை வண்டியேற்றி ஊர்விட்டு ஊர் விற்பது நோயைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் வழிகளுள் ஒன்று என்பது தெளிவு. இலாபம் தனியாருடையது, நட்டம் பொதுமக்களுடையது என்ற பழைய கணக்கே இங்கும்.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் நாம் எடைபோடுதல் வேண்டும். ஆட்டை வளர்த்து அறுத்துண்போர், மானை வளர்த்துச் சுடுபவரை எவ்வாறு குறைகூறலாம் என்பர். வன்மையான வாதம் இது. இறைச்சிக்கென நிகழும் கொடுமைகளும் விசாரணைக்கு உட்பட்டவையே. எனினும் ஆட்டை அறுப்பவன் உணவை விற்கிறான். அவன் அறுக்குங் காட்சியைப் பணங்கொடுத்து வாங்குவாரில்லை. வேலிக்குள்ளோ கொலையே விற்பனைப் பொருள். அதனுடன் ஒரு பொய்யும் விற்கப்படுகிறது: காட்டை வென்றவன் என்னும் பொய். சுவரில் மாட்டிய தலை, நிகழாத ஒரு வெற்றிக்குச் சான்று கூறுகிறது.

மழையற்ற நிலத்தில் மாடு வளர்த்துப் பிழைக்க இயலாத சிற்றுடைமையாளருக்கு மான் வாழ்வளிக்கிறது என்பது இரண்டாம் வாதம். வேலைவாய்ப்பின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஸ்கொத்லாந்துப் பிரபுக்களும் தம் மான்காடுகளில் வேட்டைத் துணையாட்களுக்குக் கூலி கொடுத்தனர். ஒரு நிலத்தை என் செய்வது என்பதைச் செல்வரின் பொழுதுபோக்கே தீர்மானிக்கும் நிலையை அக்கூலி நியாயப்படுத்திவிடவில்லை.

இனத்தைக் காக்க வேலி உதவும் என்பது மூன்றாம் வாதம். இதில் உண்மை உண்டு. சீன நாட்டுக்கே உரிய, பெயர்டேவிட் மான் என வழங்கும் இனம் காடுகளில் அற்றுப்போய்ப் பீக்கிங் நகரருகே பேரரசரின் மதில் சூழ்ந்த வேட்டைப் பூங்காவில் மாத்திரம் எஞ்சியிருந்தது. 1890களின் நடுப்பகுதியில் வெள்ளம் மதிலை உடைத்தது. தப்பிய மான்களைப் பசித்த மக்கள் உண்டனர். 1900ஆம் ஆண்டின் கலவரத்தில் எஞ்சியவையும் அழிந்தன. இங்கிலாந்தில் பெட்பேட் கோமகனின் பூங்காவில் பேணப்பட்ட மந்தையிலிருந்தே 1985இல் அவ்வினம் மீண்டும் சீனா சேர்ந்தது. பசித்தவன் அம்மானை உண்டதை நாம் பழிக்கமாட்டோம். பூங்கா அதனைக் காத்ததையும் மறைக்கமாட்டோம். ஆனால் அது ஒருநாள் திறப்பதற்கென இட்ட வேலியாயிற்று. மூன்று கோடியாய்ப் பெருகிய வெண்வால் மானுக்கு அழிவென்ற அச்சம் இல்லை. அதனைச் சூழ்ந்த வேலி திறப்பதற்கென இடப்பட்டதும் அன்று.

இதற்கு மாற்று உண்டா? 1999இல் மொன்ரானா மாநிலத்தின் மான்பண்ணையொன்றில் அந்நோய் கண்டறியப்பட்டது. மறுவருடம் பொதுமக்கள் வாக்கெடுப்பில், பணம் வாங்கிப் பண்ணை விலங்கைச் சுடவிடுவது தடைசெய்யப்பட்டது. அவ்வியக்கத்தில் முன்னின்றோருள் பலர் காட்டிற் கால்நடையாய் அலைந்து வேட்டையாடும் சாதாரண மக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ரெக்சாசிலும், 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று பட்டியில் வளர்க்கப்படும் மானும் பொதுமக்களின் சொத்தே என்று தீர்ப்பளித்தது. வேலி எவ்வளவு உயர்ந்தாலும், அதனுள் நிற்பது தனியொருவரின் சரக்கன்று என்ற நினைவு அந்நாட்டுச் சட்டத்தில் அன்றளவும் அழிந்துவிடவில்லை.

ஆதலின் நம் நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. மானுக்காகக் கண்ணீர் வடிக்குமாறு எவரையும் வேண்டவில்லை. மான்வேலியின் வரலாற்றைப் பாடுபடும் மக்களின் வரலாறாகப் படிக்குமாறு மாத்திரமே வேண்டுகிறோம். கண்பறிக்கப்பட்ட நோர்மன்காலக் குடியானவனும், வாட் டைலரும், கப்பற்சிறையில் வாடிய பிரெஞ்சு ஏழையும், முகத்திற் கரிபூசிய ஹாம்ஷயர்வாசியும், லூயிஸ் தீவின் ஆசிரியரும் அவ்வேலியின் புறத்தே நின்றோர். பந்தலுக்கு முன் நிறுத்தப்பட்ட கௌட்றே மானும், காதில் தகடு பூட்டிய ரெக்சாஸ் மானும் அதன் அகத்தே நின்றவை. வேலியை இட்டவன் வர்க்கத்தால் ஒருவனே.

இதனை வகுப்பறையிற் கற்பிக்கும்போது மாணவரிடம் இரண்டு வினாக்களை எழுப்பலாம். எந்த வேலியைக் கண்டாலும், அதனால் வெளியே தள்ளப்பட்டவர் யார் என்று முதலிற் கேட்கட்டும். உள்ளே அடைபட்ட உயிர் தப்புவதற்கு வழி வைக்கப்பட்டுள்ளதா என்று அடுத்துக் கேட்கட்டும். முதல் வினாவை மாத்திரம் கேட்பவன் நாளை தானே வேலியிடுபவனாகலாம். இரண்டாம் வினாவை மாத்திரம் கேட்பவன் வேலிக்காரனின் விருந்தில் அமர்ந்து மானுக்காக வருந்துபவனாகலாம்.